சாய்வு கணக்கிடக் கற்போம்: கிடைக்கோடு, நிலைக்குத்துக்கோடு, ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள்

ஒரு கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சூத்திரம்தான். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்கள்கூட மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்: கோடு கிடையாகப் படுத்திருக்கும்போது, நெட்டுக்குத்தாக நிற்கும்போது, இரண்டு கோடுகள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும்போது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. சூத்திரத்தின் கடைசியில் ஒரு வகுத்தல் இருக்கிறது. எல்லோரும் அதற்கு அவசரப்படுகிறார்கள். வகுப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் இரண்டு எண்களை நிதானமாகப் பார்த்தால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

கட்டத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். குறை எண்களைக் கழிக்கத் தெரிந்திருந்தால் போதும். ஒரு புள்ளியை (2, 1) என்று எழுதினால், முதல் எண் இடவலமாக எவ்வளவு என்பதையும் இரண்டாவது எண் மேல்கீழாக எவ்வளவு என்பதையும் சொல்கிறது. எக்ஸ் அச்சு இடவலமாக ஓடும். ஒய் அச்சு மேல்கீழாக ஓடும். இந்தக் கட்டுரையில் நிலைக்குத்துக்கோடு என்றால் ஒய் அச்சுக்கு இணையாக நிற்கும் கோடு. செங்குத்து என்றால் இரண்டு கோடுகளுக்கு இடையே 90 பாகை இருக்கிறது என்று பொருள். அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி.

முதல் படி: இரண்டு மாற்றங்களை எழுதுங்கள்

க(2, 1), ச(6, 9) என்ற இரு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். க என்ற புள்ளியிலிருந்து ச என்ற புள்ளிக்குப் போக வலப்புறம் எத்தனை கட்டம், மேலே எத்தனை கட்டம்? வலப்புறம் 6 − 2 = 4. மேலே 9 − 1 = 8. முதலாவதைக் கிடை மாற்றம் என்றும் இரண்டாவதை நிலை மாற்றம் என்றும் சொல்வோம். இரண்டையும் சேர்த்து [4, 8] என்று ஒரு சோடியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடைப்புக்குறி போடுவது வேண்டுமென்றேதான். இது புள்ளி அல்ல, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் பயணம்.

இப்போது வகுக்கலாம்.

சாய்வு = நிலை மாற்றம் ÷ கிடை மாற்றம் = 8 ÷ 4 = 2

வலப்புறம் ஒரு கட்டம் நகர்ந்தால் கோடு இரண்டு கட்டம் ஏறுகிறது என்பதே இதன் பொருள். தாளில் குறித்துப் பாருங்கள்: (2, 1), (3, 3), (4, 5), (5, 7), (6, 9). ஒவ்வொரு படியிலும் வலப்புறம் 1, மேலே 2. கோட்டின் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் இதே விடைதான் வரும். நேர்கோடு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எதிலிருந்தும் தொடங்கலாம். ச-விலிருந்து க-வுக்கு வந்தால் சோடி [−4, −8]. வகுத்தால் அதே 2. ஆனால் எக்ஸுக்கு ஒரு திசை, ஒய்க்கு இன்னொரு திசை என்று கலந்துவிடக் கூடாது. மேலே 9 − 1 என்று கழித்துவிட்டு, கீழே 2 − 6 என்று கழித்தால் −2 வரும். ஏறும் கோட்டை இறங்கும் கோடாக்கிவிட்டீர்கள். ஆகவே எந்தக் கணக்கிலும் விடை வந்தவுடன் படத்தை ஒருமுறை பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு ஏறினால் சாய்வு மிகை, இறங்கினால் குறை. குறிப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பார்வையில் அகப்பட்டுவிடும்.

குறை எண்கள் வரும் ஓர் எடுத்துக்காட்டு: (−3, 4), (1, −2). கிடை மாற்றம் 1 − (−3) = 4. நிலை மாற்றம் −2 − 4 = −6. சோடி [4, −6]. சாய்வு −6/4, சுருக்கினால் −3/2. கோடு வலப்புறம் இறங்குகிறது, குறியும் குறை. பொருந்துகிறது. −3 என்ற எண்ணைக் கழிக்கும்போது அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டு 1 − 3 = −2 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து.

இரண்டாம் படி: சோடியில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள்

வகுப்பதற்கு முன் நிற்கச் சொன்னது இதற்காகத்தான். சோடியில் பூச்சியம் இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

(−2, 5), (7, 5) ஆகிய புள்ளிகளின் சோடி [9, 0]. வலப்புறம் 9 கட்டம் போயும் ஒரு கட்டம்கூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சாய்வு 0 ÷ 9 = 0. இதுதான் கிடைக்கோடு. அதன் மேல் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் ஒய் 5 என்பதால் சமன்பாடு ஒய் = 5. எக்ஸ் அச்சும் ஒரு கிடைக்கோடுதான்; அதன் சமன்பாடு ஒய் = 0. கிடைக்கோட்டைப் பற்றி இவ்வளவுதான் செய்தி.

நிலைக்குத்துக்கோட்டில்தான் வேலை இருக்கிறது. (4, −1), (4, 6) ஆகிய புள்ளிகளின் சோடி [0, 7]. பூச்சியம் இப்போது முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூத்திரம் 7 ÷ 0 என்று கேட்கிறது. 7 ÷ 0 என்றால் என்ன? பூச்சியத்தால் பெருக்கினால் 7 கொடுக்கும் எண் எது என்ற கேள்வி அது. எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான் வரும். கேட்ட எண் இல்லை. ஆகவே சாய்வு வரையறுக்க இயலாதது.

"முடிவிலி என்று எழுதினால் தவறா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. இரு அச்சுகளும் வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளியிலிருந்து, அதாவது (0, 0)-இலிருந்து, (0.1, 7) என்ற புள்ளிக்கு ஒரு கோடு வரையுங்கள். சாய்வு 70. புள்ளியை (0.01, 7) என்று இன்னும் நெருக்கினால் 700. (0.001, 7) என்றால் 7000. கோடு நிமிர நிமிர எண் வளர்ந்துகொண்டே போகிறது. இதைப் பார்த்தால் முடிவிலி என்று சொல்லத்தான் தோன்றும். இப்போது மறுபக்கத்திலிருந்து வாருங்கள். (−0.1, 7) என்ற புள்ளிக்குச் சாய்வு −70. (−0.01, 7) என்றால் −700. அடுத்தது −7000. ஒரே நிலைக்குத்துக்கோட்டை நோக்கித்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறோம். ஒரு பக்கம் எண் மேலே பறக்கிறது, மறுபக்கம் கீழே பாய்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கவே இல்லை. அதனால்தான் அந்தக் கோட்டுக்கு ஒரு சாய்வு எண் கொடுக்க முடியாமல் போகிறது. தேர்விலும் "வரையறுக்க இயலாது" என்று எழுதுவதே பாதுகாப்பு.

கணினிகளும் இந்த இடத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. பைத்தான் மொழியில் 7-ஐ 0-ஆல் வகுக்கச் சொன்னால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அலட்டிக்கொள்ளாமல் முடிவிலி என்று விடை கொடுத்துவிட்டு மேலே போகும். கோடுகளை வைத்து நிரல் எழுதுபவர்கள் பலர் சாய்வைச் சேமிக்காமல் சோடியையே சேமிப்பதற்கு இது ஒரு காரணம். [0, 7] என்ற சோடியில் எந்தக் குழப்பமும் இல்லை. நேரே மேலே 7 கட்டம், அவ்வளவுதான்.

"சாய்வு இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கிடைக்கோட்டைச் சொல்கிறீர்களா, நிலைக்குத்துக்கோட்டைச் சொல்கிறீர்களா என்று படிப்பவருக்குப் புரியாது. கிடைக்கோட்டுக்குச் சாய்வு இருக்கிறது. அதன் மதிப்பு பூச்சியம். பூச்சியமும் ஓர் எண்தான். நிலைக்குத்துக்கோட்டுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. விடையில் "சாய்வு 0" அல்லது "சாய்வு வரையறுக்க இயலாது", இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

சோடி [0, 0] என்று வந்தால்? ஒரே புள்ளியை இரண்டு முறை எழுதிவிட்டீர்கள். கோடே இல்லை. கேள்வியை மறுபடி படியுங்கள்.

எக்ஸ் = 4 படுத்திருக்குமா, நிற்குமா?

எக்ஸ் = 4 என்ற கோட்டை வரையச் சொன்னால், புதிதாகக் கற்பவர்களில் பலர் கிடையாக ஒரு கோட்டை இழுப்பார்கள். எக்ஸ் அச்சு கிடையாக இருக்கிறது, ஆகவே எக்ஸ் = 4 என்பதும் கிடையாக இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இந்தப் பொறியிலிருந்து தப்ப விதி எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்தும் மூன்று புள்ளிகளை எழுதுங்கள். எக்ஸ் 4 ஆக இருந்தால் போதும், ஒய் எதுவாகவும் இருக்கலாம்: (4, −1), (4, 0), (4, 6). குறித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கோடு நிலைக்குத்து. எக்ஸ் அச்சை அது 4 என்ற இடத்தில் குறுக்கே வெட்டுகிறது. எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போகவில்லை.

சாய்வும் வெட்டுத்துண்டும் (கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தின் ஒய் மதிப்பு) கொண்டு எழுதும் வடிவம், அதாவது ஒய் = (சாய்வு × எக்ஸ்) + ஒய் வெட்டுத்துண்டு என்பது, நிலைக்குத்துக்கோட்டுக்கு உதவவே உதவாது. போடுவதற்குச் சாய்வே இல்லையே! எக்ஸ், ஒய் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கும் பொது வடிவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 3எக்ஸ் − 2ஒய் + 6 = 0 என்பதும் பொது வடிவம்தான்; எக்ஸ் − 4 = 0 என்பதும் பொது வடிவம்தான். ஒய் உள்ள உறுப்பு காணாமல் போயிருந்தால் கோடு நிலைக்குத்து. எக்ஸ் உள்ள உறுப்பு காணாமல் போயிருந்தால் கிடை. இரண்டும் இருந்தால், எக்ஸின் கெழுவை (அதன் முன்னால் நிற்கும் எண்ணை) ஒய்யின் கெழுவால் வகுத்து, முன்னால் ஒரு குறை போட்டால் சாய்வு. 3எக்ஸ் − 2ஒய் + 6 = 0 என்ற கோட்டுக்கு −3/(−2) = 3/2.

மூன்றாம் படி: செங்கோணத்தைத் தாளைச் சுழற்றிப் பாருங்கள்

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்று பாடநூல் சொல்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பயன்படுத்தினால், குறியை மாற்றுவதா, தலைகீழாக்குவதா, இரண்டுமா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வரும். ஒருமுறை கையால் செய்து பார்த்தவர்களுக்கு வராது.

கட்டத்தாளில் ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் 3, மேலே 2 என்று போய் (3, 2) என்ற புள்ளியைக் குறியுங்கள். ஆதிப்புள்ளியையும் அதையும் இணையுங்கள். அடியில் 3 நீளமும் வலப்பக்கம் 2 உயரமும் கொண்ட ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதே அளவில் இன்னொரு தாளில் ஒரு முக்கோணம் வெட்டி, முதல் முக்கோணத்தின் மேல் பொருத்துங்கள். ஆதிப்புள்ளியில் இருக்கும் மூலையை விரல் நுனியால் அழுத்திக்கொண்டு, வெட்டிய முக்கோணத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள்.

என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். வலப்புறம் படுத்திருந்த 3 நீளப் பக்கம் இப்போது ஒய் அச்சின்மேல் நிமிர்ந்து நிற்கிறது. மேலே நோக்கி நின்ற 2 நீளப் பக்கம் இடப்புறம் சாய்ந்து படுத்துவிட்டது. முன்பு (3, 2) இருந்த முனை இப்போது (−2, 3) என்ற இடத்தில் இருக்கிறது. சோடி [3, 2] என்பது [−2, 3] ஆகிவிட்டது. எண்கள் இடம் மாறின. மேலே போனது இடப்புறம் திரும்பியதால் ஒன்றின் குறி மாறியது.

சாய்வாக எழுதினால் 2/3 என்பது 3/(−2), அதாவது −3/2 ஆனது. இடம் மாறியதால் பின்னம் தலைகீழானது. ஒரே ஓர் எண்ணின் குறி மாறியதால் சாய்வின் குறி மாறியது. (2/3) × (−3/2) = −1. சூத்திரம் முழுவதும் அந்தக் கால் சுற்றில் இருக்கிறது.

கண்ணை நம்ப மாட்டேன் என்பவர்கள் பித்தாகரஸ் தேற்றத்தால் சரிபார்க்கலாம். ஆதிப்புள்ளியிலிருந்து (3, 2) வரையிலான தொலைவின் வர்க்கம் 9 + 4 = 13. ஆதிப்புள்ளியிலிருந்து (−2, 3) வரையிலான தொலைவின் வர்க்கம் 4 + 9 = 13. அந்த இரு முனைகளுக்கும் இடையே கிடை மாற்றம் 5, நிலை மாற்றம் 1; தொலைவின் வர்க்கம் 25 + 1 = 26. 13 + 13 = 26. ஆதிப்புள்ளியில் இருப்பது செங்கோணமே.

முக்கோணவியல் படித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எக்ஸ் அச்சின் வலப்புறத்தோடு கோடு உண்டாக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் சாய்வு. 45 பாகைக்குச் சாய்வு 1. 0 பாகைக்கு 0. 90 பாகைக்கு டேன்ஜென்ட் வரையறுக்கப்படவில்லை. கோணத்தோடு 90 பாகையைக் கூட்டினால் டேன்ஜென்ட் என்பது கோடேன்ஜென்ட் ஆகிக் குறியும் மாறும். சொல்வது அதே செய்திதான். தாளைத் திருப்பியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

கைப்பழக்கத்துக்குச் சில: சாய்வு 2 என்றால் அதை 2/1 என்று எழுதிக்கொள்ளுங்கள், செங்குத்துச் சாய்வு −1/2. சாய்வு −5/3 என்றால் 3/5. குறை ஏற்கெனவே இருப்பதால் இங்கே அது மறைகிறது. சாய்வு 1 என்றால் −1. சாய்வு 0.4 என்று தசமத்தில் கொடுத்திருந்தால் 2/5 ஆக்கிவிட்டுத் திருப்புங்கள்: −5/2, அதாவது −2.5. சாய்வு 2 உள்ள கோட்டுக்குச் செங்குத்து −2 என்று எழுதுவதும், 1/2 என்று எழுதுவதும் பாதி வேலையோடு நிறுத்திவிடுவதால் வருகிற தவறுகள். பெருக்கிப் பாருங்கள்: 2 × (−2) = −4; 2 × 1/2 = 1. இரண்டும் −1 அல்ல.

படம் பொய் சொல்லும் நேரம்

சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருகிறது. ஆனால் வரைந்த படத்தில் கோடுகள் செங்கோணத்தில் இல்லை. ஏன்? இரு அச்சுகளிலும் அளவுத்திட்டம் வேறுவேறாக இருப்பதால். எக்ஸ் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 அலகு, ஒய் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 அலகு என்று எடுத்தால் படம் முழுவதும் மேலிருந்து கீழாக நசுங்கிவிடும். சாய்வு எண்கள் மாறாது. கண்ணுக்குத் தெரியும் கோணம் மாறிவிடும். வரைபடம் போடும் செயலிகளும் திரையின் வடிவத்துக்கு ஏற்ப அளவுத்திட்டத்தைத் தாங்களாகவே மாற்றிக்கொள்வதுண்டு. செங்கோணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரு அச்சுகளுக்கும் ஒரே அளவு வையுங்கள். கிடைக்கோடும் நிலைக்குத்துக்கோடும் மட்டும் எந்த அளவுத்திட்டத்திலும் செங்கோணத்திலேயே தெரியும். நசுக்கினாலும் படுத்தது படுத்தே இருக்கும், நின்றது நின்றே இருக்கும்.

நான்காம் படி: −1 விதி கைவிடும் இடம்

(2, 1), (2, 6), (7, 1) ஆகியவை ஒரு செங்கோண முக்கோணத்தின் முனைகளா? சூத்திரத்தை மட்டும் நம்பியவர் இப்படிச் செய்வார்: முதல் பக்கத்தின் சாய்வு வரையறுக்க இயலாது; இரண்டாவது 0; மூன்றாவது, (2, 6)-இலிருந்து (7, 1) வரை, −5/5 = −1. எந்த இரண்டைப் பெருக்கினாலும் −1 வரவில்லை; ஆகவே இது செங்கோண முக்கோணம் அல்ல. வழியெல்லாம் சரி, விடை முழுத் தவறு. ஒரு பக்கம் நிலைக்குத்து, ஒரு பக்கம் கிடை. (2, 1) என்ற முனையில் செங்கோணம் பளிச்சென்று இருக்கிறது.

விதியை முழுமையாகச் சொன்னால் இப்படி: இரு சாய்வுகளின் பெருக்கல் −1 என்றால் கோடுகள் கட்டாயம் செங்குத்து. கோடுகள் செங்குத்தாக இருந்து, இரண்டில் எதுவும் நிலைக்குத்தாக இல்லாவிட்டால், பெருக்கல் −1. ஒரு கோடு நிலைக்குத்தாக இருந்தால் பெருக்க வேண்டாம். மற்றது கிடையா என்று மட்டும் பாருங்கள்.

இந்த விதிவிலக்கை நினைவில் சுமக்க விருப்பம் இல்லாதவர்களுக்குச் சோடியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. என் கணக்கில் அதுதான் சிறந்தது. பள்ளியில் முதலிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். இரு கோடுகளின் கிடை மாற்றங்களைப் பெருக்குங்கள். நிலை மாற்றங்களைப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். பூச்சியம் வந்தால் செங்குத்து, வராவிட்டால் இல்லை. வகுத்தலே இல்லாததால் விதிவிலக்கும் இல்லை.

மேலே உள்ள முக்கோணத்தில் (2, 1)-இலிருந்து புறப்படும் சோடிகள் [0, 5], [5, 0]. (0 × 5) + (5 × 0) = 0. செங்கோணம். சுழற்றிப் பார்த்த [3, 2], [−2, 3] சோடிகளுக்கு: (3 × −2) + (2 × 3) = −6 + 6 = 0. பின்னாளில் திசையன்கள் படிக்கும்போது இதே கணக்கு புள்ளிப் பெருக்கல் என்ற பெயரில் வரும். அப்போது பழைய நண்பரைப் பார்த்ததுபோல இருக்கும்.

இனி, கணக்குகள்

(4, −1) என்ற புள்ளி வழியாக, 3எக்ஸ் − 2ஒய் + 6 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாகச் செல்லும் கோட்டைக் காண வேண்டும். கொடுத்த கோட்டின் சாய்வு 3/2 என்று முன்பே கண்டோம். செங்குத்துச் சாய்வு −2/3. புள்ளியும் சாய்வும் தெரிந்தால் கோடு கையில்: ஒய் + 1 = (−2/3) × (எக்ஸ் − 4). இரு பக்கமும் 3-ஆல் பெருக்கினால் 3ஒய் + 3 = −2எக்ஸ் + 8. ஒழுங்குபடுத்தினால் 2எக்ஸ் + 3ஒய் = 5. சரிபார்க்க (4, −1)-ஐப் பிரதியிடுங்கள்: 8 − 3 = 5. சரி.

கெழுக்களைக் கவனித்தீர்களா? 3, −2 என்று இருந்தவை 2, 3 ஆகியிருக்கின்றன. இடம் மாறி, ஒன்றின் குறி மாறியிருக்கிறது. முக்கோணத்தைத் திருப்பியபோது நடந்ததேதான். இதைப் பிடித்துக்கொண்டால் சாய்வைக் காணாமலேயே 2எக்ஸ் + 3ஒய் = ஏதோ ஓர் எண் என்று எழுதி, புள்ளியைப் பிரதியிட்டு அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். நேரம் குறைவான தேர்வில் நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

(−3, 8) வழியாக, எக்ஸ் = 5 என்ற கோட்டுக்குச் செங்குத்து எது? சூத்திரப் பக்கமே போகாதீர்கள். எக்ஸ் = 5 நிற்கும் கோடு; அதற்குச் செங்குத்து படுக்கும் கோடு; (−3, 8) வழியாகப் படுத்திருப்பது ஒய் = 8.

இன்னொன்று, கொஞ்சம் நீளமானது. க(1, 1), ச(5, 3), ட(3, 7) ஆகிய மூன்றும் ஒரு சதுரத்தின் அடுத்தடுத்த முனைகள் என்று காட்டி, நான்காவது முனையைக் காண வேண்டும். க-விலிருந்து ச-வுக்குச் சோடி [4, 2]. ச-விலிருந்து ட-வுக்கு [−2, 4]. சோதனை: (4 × −2) + (2 × 4) = 0. ச-வில் செங்கோணம். நீளங்களின் வர்க்கம் 16 + 4 = 20; 4 + 16 = 20. சமம். நான்காவது முனைக்குப் போக, க-விலிருந்து ச-வுக்குப் போன பயணத்தை ட-விலிருந்து பின்னோக்கிச் செய்தால் போதும்: (3 − 4, 7 − 2) = (−1, 5). இதைத் த என்போம். மூலைவிட்டங்களையும் பார்த்துவிடலாம். க-ட சோடி [2, 6], சாய்வு 3. ச-த சோடி [−6, 2], சாய்வு −1/3. பெருக்கினால் −1. சதுரத்தின் மூலைவிட்டங்கள் செங்குத்தாகத்தான் வெட்ட வேண்டும், வெட்டுகின்றன.

தெரியாத எண் உள்ள கணக்குகளிலும் சோடிதான் கைகொடுக்கும். (3, 7), (ப, −2) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோடு நிலைக்குத்தாக இருக்க ப என்னவாக இருக்க வேண்டும்? சோடி [ப − 3, −9]. முதல் எண் பூச்சியமாக வேண்டும்; ப = 3. அதே கோடு கிடையாக இருக்க ப என்ன? இரண்டாவது எண் −9. ப-வை எப்படி மாற்றினாலும் அது பூச்சியமாகாது. ஆகவே அப்படி ஒரு ப கிடையாது. சாய்வு −1/3 உள்ள கோட்டுக்கு அது செங்குத்தாக இருக்க? சாய்வு 3 ஆக வேண்டும். −9 ÷ (ப − 3) = 3 என்றால் ப − 3 = −3; ப = 0.

கடைசியாக, மூன்று வகைக் கோடுகளும் ஒரே படத்தில் வரும் ஒரு கணக்கு. ஆதிப்புள்ளியை மையமாகவும் 5 அலகை ஆரமாகவும் கொண்ட ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்தின் தொடுகோடு, தொடும் புள்ளியில் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கும். (3, 4) என்ற புள்ளி இந்த வட்டத்தின்மேல் இருக்கிறது, ஏனென்றால் 9 + 16 = 25. ஆரத்தின் சாய்வு 4/3; தொடுகோட்டின் சாய்வு −3/4; சமன்பாடு 3எக்ஸ் + 4ஒய் = 25. (0, 5) என்ற உச்சியில் ஆரம் நிலைக்குத்து; தொடுகோடு ஒய் = 5, கிடை. (5, 0) என்ற வலது ஓரத்தில் ஆரம் கிடை; தொடுகோடு எக்ஸ் = 5, நிலைக்குத்து.

உச்சியிலிருந்து வலது ஓரத்துக்கு வட்டத்தின் மேலேயே நகர்ந்து வந்தால், தொடுகோட்டின் சாய்வு பூச்சியத்தில் தொடங்கி, (3, 4)-இல் −3/4 ஆகி, (4, 3)-இல் −4/3 ஆகி, மேலும் மேலும் இறங்கி, (5, 0)-இல் எண்ணே இல்லாமல் போகிறது. அந்தப் புள்ளியைத் தாண்டிக் கீழே (4, −3)-க்கு வந்தால் சாய்வு 4/3, மிகை. வட்டத்தின்மேல் உள்ள வேறு சில புள்ளிகளை நீங்களே எடுத்துப் பாருங்கள்: (−3, 4), (−4, −3), (0, −5), (−5, 0). நான்கிலும் தொடுகோட்டை எழுதிப் பாருங்கள். விடைகள் முறையே −3எக்ஸ் + 4ஒய் = 25, −4எக்ஸ் − 3ஒய் = 25, ஒய் = −5, எக்ஸ் = −5.